இடப்பக்கம் இல்லாத கோர்ட்

இந்தக் கோர்ட்டில் சுவர் இருந்தது. பார்க்குக்குள் நுழைந்து, ஊஞ்சலைத் தாண்டி, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வேர்க்க வேர்க்க நடக்கிறவர்களைத் தாண்டி, கம்பிவலைக்குப் பின்னால் இரண்டு டென்னிஸ் கோர்ட்டும் ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடப்பதைப் பார்த்ததும் எழிலரசியின் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சுவர்தான். ஓரத்துக் கோர்ட்டின் நீளம் முழுக்க, ஆள் உயரத்துக்கு மேலே, பச்சைப் பெயிண்ட் உரிந்த இடத்திலெல்லாம் பழைய நீலம் தெரிகிற சுவர். கேட்டுக்குள் போய் வலைக்கு இந்தப் பக்கம் நின்றால் சுவர் இடது கைப்பக்கம் வரும். வரட்டும். சுவர் நல்லது. சுவரிலிருந்து யாரும் திடுதிப்பென்று வரமாட்டார்கள். சுவர் குறுக்கே ஓடாது, பந்தை விட்டுவிட்டு சாரி சார் சாரி சார் என்று கத்தாது, பாவம்ப்பா என்று காதுபட முனகாது. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாத மனுஷனுக்கு அங்கே ஒன்றுமே இல்லாமல் இருப்பதுதான் நல்லது என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அந்த நினைப்பு வேறு எங்கேயோ, போகக்கூடாத ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தது. அதை அங்கேயே விட்டுவிட்டுக் கம்பிவலைக்கு வெளியே இருந்த சிமெண்டுப் படியில் உட்கார்ந்தாள். ராத்திரி முழுக்க நின்ற கால். உட்கார்ந்த பிறகுதான் வலிக்க ஆரம்பித்தது, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்ததோ. கையை முகத்துக்குக் கொண்டு போனாலே பிளீச்சிங் வாடை. மடியில் காலி டிபன் பாக்ஸ் இருந்த பை, பைக்குள் போன். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அவருக்குப் போன் பண்ணி ஒரு கோர்ட்டைச் சொல்லியாக வேண்டும். அவ்வளவுதான் வேலை. இன்றைக்குச் சனிக்கிழமை, நாளைக்குக் காலையில் ஆட்டம். இந்த வாரம் பூரா ஷிப்ட் முடிந்து ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு கோர்ட்டாகப் போய் நின்றுவிட்டு வந்தாயிற்று. இதை விட்டால் பார்க்க வேறு கோர்ட் இல்லை, நாளும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோதுதான் மதியழகன் அதைக் கேட்டார். கட்டிலில் சாய்ந்துகொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு. “எழிலு, ஒரு தடவ ஆடிப் பாக்கட்டுமா?” டிபன் பாக்ஸ் மூடி கை நழுவி விழுந்து தரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. மழைக்கு முன்னால் பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த வாயிலிருந்து வேணும் என்று ஒரு சொல் வந்ததில்லை. டீ போடட்டுமா, வேணாம். டிவி வைக்கட்டுமா, வேணாம். பெரியமேட்டில் அவர் வேலை பார்த்த விளையாட்டுச் சாமான் கடை முதலாளி பழக்கூடையோடு வந்து, மதி, நீ இல்லாம டென்னிஸ் ராக்கெட்டுக்கு நரம்பு கட்ட ஆளே செட்டாகலப்பா, எப்ப வர்றே என்று கேட்டபோதும் வேணாம் சார் என்று சொல்லிவிட்டார், முதலாளி கேட்டது வேணுமா வேணாமா என்கிற கேள்வியே இல்லை. அப்படிப்பட்ட ஆள் ஆடிப் பார்க்கட்டுமா என்று கேட்கிறார். “ஆடலாமே,” என்றாள், குனிந்து மூடியை எடுத்துக்கொண்டே. “எங்க ஆடலாம்?” “எங்கன்னு நீ பாரு. பாத்துட்டுச் சொல்லு. அடுத்த ஞாயித்துக்கெழம போவோம்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். செருப்பை மாட்டும்போது முதுகுக்குப் பின்னால் இன்னொன்றும் சொன்னார். “இந்த ஒரு தடவதான் எழிலு. சரிப்பட்டு வரலன்னா அதுக்கப்புறம் என்னை எதுக்கும் எழுப்பாத.” எதுக்கும் எழுப்பாத. பஸ்ஸில் போகும்போது அந்தச் சொல் கூடவே வந்தது. சாப்பிட எழுப்பாதே என்கிறாரா, நடக்க எழுப்பாதே என்கிறாரா, இல்லை மொத்தமாகவா. திரும்பிப் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை.

அவருக்குக் கை நன்றாக இருக்கிறது, வலது கை. அதுதான் கொடுமையிலும் கொடுமை. நடை கொஞ்சம் இழுக்கும், இடது கை கொஞ்சம் தொய்யும், ஆனால் பேச்சு சுத்தம், வலது கை பழையபடி இரும்பு. “கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா,” என்றார் டாக்டர். “மூளைதான் இடது பக்கத்தைக் கணக்குல எடுத்துக்க மாட்டேங்குது. அப்படி ஒரு பக்கம் இருக்குன்னே அதுக்குத் தோணாது.” அதை டாக்டர் சொன்னபோது புரியவில்லை, தட்டில் புரிந்தது. நான்கு இட்லி வைத்தால் வலது பக்கத்து இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, ஏன் ரெண்டோட நிறுத்திட்டே, மாவு இல்லையா என்று கேட்டார். அவள் தட்டைத் திருப்பி வைத்தாள். மீதி இரண்டும் வானத்திலிருந்து இறங்கியது மாதிரி வந்து நின்றன. அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சாப்பிடவில்லை. முகத்தில் பாதிதான் சவரம். பேப்பரில் தலைப்பின் முன்பாதி போய்விடும், வால் மட்டும் வாசிப்பார், உயிரிழப்பு, உயிரிழப்பு என்று, எங்கே யார் என்பதெல்லாம் இல்லாமல். நிலைப்படியில் இடது தோள் தினமும் இடிக்கும், தினமும் ஆச்சரியப்படுவார். இந்த மனுஷனைக் கொண்டுபோய் ஒரு கோர்ட்டில் நிறுத்தி, எதிரிலிருந்து பந்து போட்டு, அடிங்க என்று சொல்ல வேண்டும். இடது பக்கம் வருகிற பந்து அவருக்குப் பந்தே இல்லை. அது வராத பந்து. வந்து முதுகுக்குப் பின்னால் கம்பிவலையில் மோதுகிற சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த முகம் எப்படிப் போகும் என்று எழிலரசிக்குத் தெரியும், இட்லித் தட்டில் பார்த்திருக்கிறாள்.

பந்து போடுகிற ஆள் அவள்தான். வேறு யார் இருக்கிறார்கள். ராத்திரி டீ நேரத்தில் ரோசி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அம்பத்தூரில் ஓட்டல்களுக்குத் துணி வெளுக்கிற லாண்டரியில் அவளும் ரோசியும் ஒரு ஜோடி, கட்டில் விரிப்பை ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்னால் போய், மறுபடி வந்து, விடிய விடிய இப்படியே முகத்துக்கு முகம் வந்து வந்து போகிற வேலை. பேச்சும் துண்டு துண்டாகத்தான் வரும், கிட்டே வரும்போது ஒரு வாக்கியம், எட்டப் போகும்போது ஒன்றும் இல்லை. ரோசி தலையணை உறையைச் சுருட்டிப் பந்தாக்கி வீச, எழிலரசி டீத் தட்டால் தட்டிப் பழகினாள். “ஏய், ஊர்ல எல்லாரும் பொண்ணுக்கும் மாப்ளைக்கும் பொருத்தம் பாப்பாங்க. நீ ஒருத்திதான்டி புருஷனுக்கும் கோர்ட்டுக்கும் பொருத்தம் பாக்கற,” என்றாள் ரோசி. டீ முடிந்து மறுபடி விரிப்பைப் பிடித்ததும், எட்டப் போய்த் திரும்பி வந்து, “பொருந்துச்சா?” என்றாள். “மேம்பாலத்துக்கு அடியில ஒண்ணு இருக்கு. நெழலு நல்லாருக்கு. ஆனா பஸ் போனா தரை அதிருது.” “அதிர்ந்தா என்னா?” “அவருக்குத் தல சுத்தும்.” எட்ட, கிட்ட. “குளத்தங்கரையில ஒண்ணு?” “அங்க இடது பக்கம் பூரா படிக்கட்டு. எல்லாரும் உக்காந்து வேடிக்க பாக்கறாங்க.” “அவுருக்குத்தான் இடது பக்கம் தெரியாதேடி, எவன் வேடிக்க பாத்தா அவுருக்கு என்னா?” எழிலரசி விரிப்பை மடித்து முடித்தாள். எனக்குத் தெரியுமே என்பதுதான் பதில். அவர் பார்க்காத பக்கத்தையெல்லாம் இந்த ஆறேழு மாதமாக அவள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவருடைய பாதி உலகத்துக்கும் சேர்த்து அவள் ஒருத்தி கண்ணை விழித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது, ராத்திரியும் தூக்கமில்லை, பகலும் தூக்கமில்லை. நாத்தனார் கோமளா ராத்திரி வந்து அவருக்குத் துணையாகப் படுத்துக்கொள்கிறாள், நல்லவள்தான், ஆனால் படுத்தால் தூங்கிவிடுகிறவள்.

பழைய கோர்ட் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றுவதற்கு அவளுக்கே சில சமயம் வெட்கமாக இருந்தது. கல்யாணமான புதிதிலிருந்து அவர் ஆடிய கோர்ட், ரயில்வே லைனுக்குப் பக்கத்தில், தரையில் வெடிப்பு விட்டு வெடிப்புக்குள் புல் முளைத்த கோர்ட். வக்கீல், கறிக்கடைக்காரர், ரிட்டயர்டு போலீஸ்காரர், எல்லாரும் அங்கே ஒன்று. திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து அங்கேதான் முதலில் போனாள். இறங்கியதும் காதில் விழுந்தது அந்தக் கூச்சல், அவளுக்குத் தெரிந்த கூச்சல்தான். மதி, யோவ், உனக்கு நரம்பு கட்டத்தான்யா தெரியும், அதை வச்சு அடிக்கத் தெரியாது என்று கத்துவார்கள், அவரும் விடமாட்டார், உன் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டினதுக்கு ஒரு கொசு பேட் வாங்கியிருந்தா ரெண்டு கொசுவாவது செத்திருக்கும் என்பார். அன்றைக்கு அவளைப் பார்த்ததும் கூச்சல் நின்றுவிட்டது. ராக்கெட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள், துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி. ஸ்டீபன்தான் முன்னால் வந்தான், அவருக்கு டபுள்ஸ் ஜோடி, அவரைவிட எட்டு வயசு சின்னவன். “அண்ணி, நாங்க எல்லாம் பேசி வச்சிட்டோம். சாரைக் கூட்டிட்டு வாங்க. வலது பக்கமாவே போடுவோம், மெதுவா. சார் அடிச்சா நாங்க எடுக்க மாட்டோம்.” சார். வார்த்தைக்கு வார்த்தை யோவ் போட்டவன் சார் என்கிறான். “ஒரு செட்டு அவரு ஜெயிச்சாருன்னா போதும் அண்ணி, மனசு தெளிஞ்சிரும்.” அவன் கண்ணில் தண்ணீர். அவளுக்கும் வந்தது, சரி தம்பி, சொல்றேன் தம்பி என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தக் கோர்ட்டை மனசில் அடித்துப் போட்டாள். தோற்றால் தாங்குவார். ஜெயிக்க விட்டார்கள் என்று தெரிந்தால் தாங்க மாட்டார். அவருக்கா தெரியாது. நரம்பைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே எவ்வளவு இறுக்கம் என்று சொல்கிற காது, வேண்டுமென்றே விட்ட பந்தின் சத்தம் அதற்குத் தெரியாமல் போகுமா. அன்பாகத்தான் செய்வார்கள். அன்பாகவே அவரை முடித்துவிடுவார்கள்.

முடித்துவிடுவார்கள். இந்த வார்த்தையை ஏன் நினைத்தோம். பை மடியிலிருந்து வழுக்கியது, பிடித்துக்கொண்டாள். தீபாவளிக்குப் பிறகு ஒரு மத்தியானம் அவள் தூங்கி எழுந்து வந்தபோது அவர் சமையல்கட்டில் நின்றுகொண்டு மாத்திரைப் பட்டைகளை எல்லாம் மேடையில் பரப்பி வைத்திருந்தார். என்னங்க பண்றீங்க என்றாள். “பாத்துட்டிருக்கேன்,” என்றார். பிறகு சாதாரணமாக, பால் பொங்கிவிட்டது என்று சொல்வதைப் போல, “பாதி ஆளு போயாச்சு. மீதி ஆளை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?” என்றார். அன்றைக்கு ராத்திரி லீவு போட்டாள். அவர் தூங்கிய பிறகு மாத்திரைகளை, அரிவாள்மனையை, கொசு மருந்தை எல்லாம் எடுத்து வீட்டின் இடது பக்கம் வைத்தாள். கட்டிலிலிருந்து எழுந்து வந்தால் இடது கைக்கு வருகிற அலமாரி, கதவுகூட இல்லாத அலமாரி. பூட்டு வாங்கினால் பூட்டைப் பார்த்துவிடுவார். இங்கே பூட்டே வேண்டாம். எல்லாம் அவர் கண்ணெதிரே இருக்கிறது, அவருக்கு இல்லை. அன்றைக்கு அதை நினைத்துத் தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள், அடுத்த நாள் அதே அலமாரியை நிமிர்ந்து பார்க்கக் கூசியது. அவருடைய குருட்டுப் பக்கத்தைக் களவாணி மாதிரி உபயோகப்படுத்துகிறோம். இப்போதெல்லாம் அழுகை வந்தாலும் அங்கேதான் போய் நிற்கிறாள், அவருக்கு இடது பக்கம், ஒரு கை தூரத்தில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. சில நாள் அவர் நிமிர்ந்து, எழிலு எங்க போயிட்ட என்று வலது பக்கமாகத் தேடுவார். இங்கதான் இருக்கேன் என்று சொல்ல முடியாது. சுற்றிக்கொண்டு போய், தெருவிலிருந்து வருகிறவள் மாதிரி, அந்தப் பக்கமாக வந்து நிற்க வேண்டும். எத்தனை நாள் இப்படித் தெருவிலிருந்து வருகிறவளாக நடிப்பது.

எழுந்து கேட்டைத் திறந்து உள்ளே போனாள். ஓரத்துக் கோர்ட் காலி. பக்கத்துக் கோர்ட்டில் தொப்பையோடு ஓர் ஆளும், சாக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்ட ஒல்லியான பெரியவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். “அவுட்டு சார், அவுட்டு! கண்ணாடியத் தொடைங்க!” “தொடச்சாலும் உன் தொப்பதான்யா தெரியுது, கோடு எங்க தெரியுது?” அவர்கள் அவளைக் கவனிக்கவில்லை. இதுவும் நல்லது. வலைக்கு இந்தப் பக்கத்துக் கோட்டின் மேல் போய் நின்றாள். செருப்பைக் கழற்றினாள், ஏன் கழற்றினோம் என்று தெரியாமல். இடது பக்கம் சுவர். வலது பக்கம் பக்கத்துக் கோர்ட், சூரியன், கேட், தண்ணீர்க் குழாய், நடமாட்டம் எல்லாம். அதாவது உலகம் பூரா வலது பக்கத்தில் இருக்கிறது. தலையை வலது பக்கமாகவே வைத்துக்கொண்டு, அவர் பார்ப்பது போலப் பார்த்தாள். குறையில்லை. ஒன்றுகூடக் குறையவில்லை. இங்கே நிற்கிற ஆளுக்கு எதுவும் தப்பிப் போகாது, தப்பிப் போவதெல்லாம் வெறும் சுவர். எதிர்ப் பக்கம் வலையை ஒட்டி அவள் நிற்பாள், கைக்குள்ளிருந்து பந்தை அவருடைய வலது பக்கமாகத் தூக்கிப் போடுவாள், அவள் போடுவது வேறு, ஸ்டீபன் போடுவது வேறு, அவளுக்கு ஆடவே தெரியாது என்பதால் அதில் இரக்கம் இருக்க முடியாது. அவர் அடிப்பார். அந்த டப் என்கிற சத்தம், ராக்கெட்டின் நடுவில் பட்டால் வருகிற சத்தம், அதை ஒரு தடவை கேட்டால் போதும், அந்த முகம் நிமிர்ந்துவிடும். பசி எடுத்தது. வாரம் பூரா எடுக்காத பசி. பொருந்துச்சு ரோசி, இதுதான் பொருந்துச்சு என்று சொல்லிக்கொண்டு பையிலிருந்து போனை எடுத்தாள். எடுத்த கையோடுதான் பார்த்தாள், பக்கத்துக் கோர்ட்டில் இரண்டு பேரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே வலையைச் சுற்றி நடந்து போனார்கள். தொப்பைக்காரர் பெரியவர் நின்ற இடத்துக்குப் போனார். பெரியவர் தொப்பைக்காரர் நின்ற இடத்துக்கு வந்தார்.

பக்கம் மாறுகிறார்கள்.

மாறுவார்களே. மாறியாக வேண்டுமே. எத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் காபி பிளாஸ்க்கோடு போய் ரயில்வே லைன் கோர்ட்டில் உட்கார்ந்து, முதல் கேம் முடிந்ததும், அப்புறம் ஒரு கேம் விட்டு ஒரு கேம், இரண்டு பேரும் இப்படிச் சுற்றிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். அது எப்படி மறந்துபோனது. வாரம் பூரா ஒவ்வொரு கோர்ட்டுக்கும் போய், வாசல் பக்கத்துக் கோட்டில் நின்று, இடம் வலம் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு அந்த மறுகோடு ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. பாதியைத்தான் பார்த்திருக்கிறாள். அவருக்குப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் பாதிதான் தெரிகிறது. விடுவிடுவென்று வலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்க் கோட்டில் நின்றாள். சுவர் வலது பக்கம் வந்துவிட்டது. வெறும் பச்சை, உரிந்த நீலம், அதுதான் அவருக்குத் தெரியப்போகிற உலகம். சூரியன், கேட், பக்கத்து ஆட்டம், ஆட்கள், எல்லாம் இடது பக்கம். கொலைகாரப் பக்கம். மாறாமலே ஆடலாமே, நாம ரெண்டு பேர்தானே, யார் கேக்கப் போறா என்று சொல்லிப் பார்க்கலாம். சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும். கல்யாணமான வருஷம் சாப்பாட்டுப் பாயில் உப்பு ஜாடியையும் ஊறுகாய் பாட்டிலையும் இரண்டு பக்கம் வைத்து, நடுவில் அப்பளத்தை நிறுத்தி அவளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். “வெயிலு ரெண்டு பேருக்கும் பொது, காத்து ரெண்டு பேருக்கும் பொது. ஒருத்தன் கண்ணுல வெயிலு அடிச்சா அடுத்த ஆட்டத்துல அது இன்னொருத்தன் கண்ணுலயும் அடிக்கணும். அதனாலதான் பக்கம் மாத்தறது. மாத்தாம ஆடினா அது ஆட்டம் இல்ல, ஏமாத்து.” பிராக்டிஸுக்குக்கூட மாறுவார். பக்கம் மாற வேண்டாம் என்று சொன்ன நிமிஷமே ராக்கெட்டை உறைக்குள் போட்டுவிடுவார். போட்டால் அவ்வளவுதான். அதுக்கப்புறம் எழுப்பக் கூடாது. இடது பக்கமே இல்லாத கோர்ட் ஒன்று இந்த ஊரில் எங்கே இருக்கும். இந்த ஊரில் என்ன, எந்த ஊரில் இருக்கும். நின்ற இடத்திலேயே நின்றாள், முகத்தை வலது பக்கம் வைத்தபடியே, அவராக. கணுக்காலில் சுள்ளென்று என்னவோ வந்து அடித்தது. “அம்மா! பந்தும்மா! பாத்து நிக்கக் கூடாதா?” மஞ்சள் பந்து காலடியில் சுழன்றுகொண்டிருந்தது. இடது பக்கமிருந்து வந்திருக்கிறது. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறவள், அவளே பார்க்கவில்லை.

பந்தை எறிந்துவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது கையிலிருந்த போன் அடித்தது. அவர்தான். “பாத்துட்டியா?” என்றார். “பாத்தேன்.” அந்தப் பக்கம் கோமளா பாத்திரம் தேய்க்கிற சத்தம். “எப்படி?” சொல்லிவிடலாம். பார்க்கில் ஒரு கோர்ட் இருக்குங்க, சுவர் இருக்குங்க, முதல் கேமுக்கு நல்லாருக்குங்க. வாய் வேறு ஒன்றைச் சொன்னது. “எல்லா எடத்துலயும் வேல நடக்குதுங்க. தரை போடறாங்க, பெயிண்ட் அடிக்கறாங்க. எல்லாம் மூடிக் கெடக்கு. ஒரு மாசம் ஆகும்னு சொல்றாங்க.” பொய் சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது, இப்போது என்ன சொல்வாரோ, அந்தக் கேள்வியை எடுத்த கையோடு உள்ளே வைத்துப் பூட்டிவிடுவாரோ என்று. போனில் முதலில் மூச்சுதான் வந்தது. நீளமான மூச்சு. தலையில் சுமந்துகொண்டு வந்த மூட்டையை இறக்கி வைத்த கூலிக்காரனின் மூச்சு. “நல்லதாப் போச்சு,” என்றார். உடனே, “இல்ல, பரவால்லன்னு சொல்ல வந்தேன்.” அவள் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டாள். “என்னங்க?” “ஒண்ணுமில்ல. கோமளாதான் சொல்லிட்டே இருந்தா. அண்ணி செத்த பொணமாட்டம் நடமாடுது, நீ ஏதாவது ஒண்ணு வேணும்னு வாயத் தொறந்து கேளுண்ணே, அது கொஞ்சம் தெளியும்னு. அதான் கேட்டேன். கேட்டுட்டு இந்த வாரம் பூரா எனக்குத் தூக்கமில்ல எழிலு. பயமா இருந்துச்சு.” வாரம் பூரா அவர் அங்கே விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறார், அவள் இங்கே தெருத்தெருவாக அலைந்திருக்கிறாள், அவளுக்காக அவர், அவருக்காக அவள், நடுவில் வேண்டும் என்று கேட்ட ஆள் ஒருத்தரும் இல்லை. ஆசைப்பட்டுவிட்டார் என்று நினைத்தாளே, அந்த ஆசையைத்தான் இத்தனை நாளும் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பொத்திக்கொண்டு திரிந்தாளே, பொட்டலத்துக்குள் ஒன்றுமே இல்லை. “ஒரு மாசம் கழிச்சுப் பாக்கலாங்களா?” என்றாள். “பாக்கலாம், பாக்கலாம்,” என்றார் மதியழகன், வாசலில் நிற்கிற சேல்ஸ்மேனிடம் சொல்கிற மாதிரி. “நீ அலையாத. வந்து தூங்கு.”

தூங்கலாம். இனி தூங்கலாம்தான். பக்கத்துக் கோர்ட்டில் ஆட்டம் முடிந்து, தொப்பைக்காரர் தோற்றிருக்க வேண்டும், “நாளைக்கு வாங்க சார், உங்க சாக்ஸை உருவறேன்” என்று சொல்லிக்கொண்டே போனார். காலியான இரண்டு கோர்ட்டிலும் வெயில் பரவிக்கொண்டு வந்தது. அவள் கேட்டை நோக்கி நடந்தாள், நடந்தவள் நின்றாள், வீட்டுக்குப் போனால் வீடு இருக்கும், அவர் இருப்பார், அந்த அலமாரி இருக்கும், வேணாம் என்கிற சொல் தட்டு தட்டாகக் காத்துக்கொண்டிருக்கும். காக்கிச் சட்டையும் லுங்கியுமாக ஓர் ஆள் நீளத் துடைப்பத்தை இழுத்துக்கொண்டு வந்தார், இந்த இடத்துக்கு வாட்ச்மேன் போல. “என்னாம்மா, ரொம்ப நேரமா சுத்திச் சுத்தி வர்ற? புக்கிங்கா?” என்றார். இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். “நாளைக்குக் காலைல இருக்கா?” “ஆறு மணிக்கு ஓரத்துக் கோர்ட்டு காலிதான். ஒத்த ஆளுக்குத் தர மாட்டோம், ரெண்டு பேரு வேணும்.” “ரெண்டு பேருதான்.” அவர் கேட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்த கரும்பலகையில் பழைய எழுத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டு, காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்தார். “பேரு?” “மதியழகன்.” எழுதினார். சாக்பீஸ் கிறீச்சென்றது. “இன்னொண்ணு?” “எழிலரசி.” அதையும் எழுதி, ஒரு எட்டுப் பின்னால் வந்து பார்த்து, திருப்திப்பட்டார். “கரெக்டா வந்துரணும் தெரீதா? ஆறே கால் வரைக்கும்தான் பாப்பேன். வரலன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவேன், அப்பால என்னாண்ட சண்டைக்கு நிக்கக் கூடாது.” “அதுவரைக்கும் வேற யாரையும் உள்ள விட மாட்டீங்கல்ல?” “அதெப்படிம்மா வுடுவேன்? அது உங்க டைமு. போர்டுல பேரு கீது, எவன் வந்தாலும் காலு வைக்க வுட மாட்டேன்.” அவள் காலிக் கோர்ட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், இந்தக் கோட்டை, வலையை, அந்தக் கோட்டை. நாளைக்கு அவர்கள் வரப்போவதில்லை, ஆறே கால் வரைக்கும் இரண்டு பக்கமும் அவர்கள் இரண்டு பேர் பேரில் காலியாகக் கிடக்கும்.

“கால் மணி நேரம் போதும்ணா,” என்றாள் எழிலரசி.